நம்பத்தகுந்த முடிவு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. உரிமம் புதுப்பிக்க ஒரு லாரி ஓட்டுநர் கண் பரிசோதனைக்கு வந்தார். இடது கண்ணை மூடச் சொன்னதும் அட்டையின் கடைசி வரி வரை மடமடவென்று ஒப்பித்தார். மறு கண்ணுக்கு வேறு அட்டையை மாட்டினேன். மூன்றாவது வரியிலேயே ஆள் நின்றுவிட்டார். வெளியே காத்திருந்தபோதே கதவு வழியாகப் பார்த்து எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார். "அக்கா, இந்தத் தடவை மட்டும் விட்டுடுங்க" என்றார். "உங்களை விட்டுட்டா எதிர்ல வர்றவங்க கதி?" என்று கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை என் வீட்டுக்காரரைக் குடி மறக்கும் வார்டில் சேர்த்தோம். அதன் பிறகு வீட்டில் ஒரு பொருளும் உடையவில்லை.

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது கதவு திறக்கிறது. நடுவில் நிற்கும்போது நாமே ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தது போல இருக்கிறது. பையைப் பிரித்துப் பார்த்து, முகம் மழித்த பிறகு பூசுகிற தைலத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதைக்கூடக் குடித்துவிடுவார்களாம்.

அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டியது. என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். குடித்துவிட்டு அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. இது அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நான் எல்லாரையும் அளந்துகிட்டே இருக்கேன். உன்னை, நம்ம குட்டியை, எல்லாரையும். யாரும் தேற மாட்டேங்கறீங்க. குடிக்காட்டியும் நான் இப்படித்தான். உனக்குத் தெரியாது" என்றார்.

ஆட்களை அளப்பதுதான் அவர் உத்தியோகம். பெரிய கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவுக்கு மேலாளர். வேலை ஞாபகத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். வராந்தாவில் டாக்டரும் அதையே சொன்னார். "உடம்புல இருந்து குடி இறங்குற நேரம் இது. இப்பப் பேசுறது அவர் இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். கை இன்னும் வலிக்கிறது. அவ்வளவு இறுக்கமாக அவர் என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் இருக்கும்?

மார்ச் 7, வெள்ளி

இன்று வார்டில் பரிசோதனை நாள். ரத்தமும் சிறுநீரும் இல்லை, குணத்தைப் பரிசோதிக்கிறார்கள். இதற்கென்று ஒரு உளவியல் நிபுணர் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறாள். சின்னப் பெண். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு, அதைத் தேடி மேஜை முழுக்கத் துழாவுகிறாள். நான் அவளுக்குப் பேனாக்கொண்டை என்று பெயர் வைத்துவிட்டேன். அந்த வாரம் யார் சேர்ந்தாலும், நிற்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். வார்டு வழக்கம் அப்படி.

நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. "என்னை யாரும் புரிந்துகொள்வதில்லை." "கோபத்தில் பொருட்களை உடைத்திருக்கிறேன்." அவர் தலை தொங்கத் தொங்க, நடுங்கும் கையால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

வெளியே வந்த பேனாக்கொண்டையிடம் நேராகவே கேட்டேன்: "குடி போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறவர் எப்படிப்பட்டவர்னு இதுல தெரிஞ்சிடுமா?"

கொஞ்சம் யோசித்து, "ஓரளவுக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

அந்த ஓரளவைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. இத்தனை வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது குடியா, அவரா? சிகிச்சை முடியும்போது பொறுப்பேற்றுக் கூட்டிப்போக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். குடிதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அவர்தான் என்றால்— வேண்டாம். இப்போதே ஏன் எழுத வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் போன். "எங்கண்ணன் தங்கம் அண்ணி. பாழாப்போன குடிதான் அவரைக் கெடுத்துடுச்சு. நீங்கதான் கைவிடாம பார்த்துக்கணும்." சரி சரி என்றேன். அவள் வைத்த பிறகு மகள் குட்டியிடம், "அத்தை சொல்றா, அப்பா தங்கமாம்" என்றேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலிருந்து அவள் தலையே நிமிரவில்லை. "ம்" என்றாள். சந்தோஷத்திலும் அதே ம், கோபத்திலும் அதே ம். யாரிடம் கற்றாளோ.

மார்ச் 14, வெள்ளி

முடிவு வந்தது. வந்தும் வரவில்லை.

பேனாக்கொண்டை ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு எல்லா இடத்திலும் உச்சியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. சோகம், பயம், கோபம், பிறர்மேல் இரக்கமின்மை— ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "இதை நம்ப முடியாது மேடம். முதல் வாரத்துல எழுதுறவங்கள்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் வரும். உடம்பு படுத்துற பாட்டுல எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுடுவாங்க. இதைத் தள்ளிட்டு, உடம்பு தெளிஞ்சதும் இன்னொரு தடவை வைக்கிறேன்."

"அப்படின்னா எதுக்கு முதல் வாரமே வைக்கிறீங்க?"

"அதை நான் வந்த நாள்ல இருந்து கேட்டுகிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கேள்வியெல்லாம் குடிக்காதவங்ககிட்ட கேட்டு அளவு வச்சது. 'வீட்டில் சொல்லாமல் பொருளை எடுத்திருக்கிறேன்'னு ஒண்ணு வரும். குடிக்கிறவங்க யாரைக் கேட்டாலும் ஆமாம்பாங்க. அதுக்காக எல்லாரையும் திருட்டுக் குணம்னு எழுதிட முடியுமா?" என்றாள்.

பக்கத்துப் படுக்கை வெல்டரின் வீட்டம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடக்கும்போது குடம் நிறையத் தண்ணீர் தூக்கியவள் போல ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். வாய் மட்டும் சாயாது. "எங்க ஆளுக்கு மூளைக்கோளாறு மாதிரி வந்திருக்காம். 'மற்றவர்களுக்குத் தெரியாத வெளிச்சம் என் கண்ணுக்குத் தெரிகிறது'ன்னு இருந்துச்சாம். ஆமான்னு போட்டிருக்கு அந்த மனுஷன். வெல்டிங் பண்றவனுக்கு வெளிச்சம் தெரியாம என்ன தெரியும்?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற வெல்டர்கள் எல்லாருமே கண்ணை மூடினாலும் பொறி பறக்கிறது என்பார்கள். பேனாக்கொண்டை சிரிக்கவில்லை. கொண்டையிலிருந்து பேனாவை உருவி எதையோ எழுதிக்கொண்டாள்.

புறப்படும்போது எனக்கும் ஒரு கேள்வித்தொகுப்பு கொடுத்தாள். வீட்டில் இருப்பவர் நிரப்ப வேண்டியதாம். "அவர் வழக்கமா எப்படி இருப்பாரோ, அதை நினைச்சு எழுதுங்க."

மார்ச் 16, ஞாயிறு

வழக்கமாக.

காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். குடித்தவர் வழக்கமா, குடிக்காதவர் வழக்கமா? இந்த ஏழெட்டு வருஷத்தில் குடிக்காத நாளே அபூர்வம். அப்படியென்றால் கதவை உதைப்பவர்தான் வழக்கமானவர். அதை எழுதினால் அநியாயம் என்று தோன்றுகிறது. சரி, குடிக்கு முன்னால் இருந்தவரை எழுதலாம் என்று பின்னால் போனேன்.

பின்னால் போனால் முதலில் வருவது கல்யாணம் ஆன புதிது. மாலையில் வேலை முடிந்து என் கடை வாசலில் வந்து நிற்பார். சட்டை கசங்காமல் இருக்கும். முதலாளி, "உன் ஆள் வந்தாச்சு, கிளம்பு" என்பார். இதை நினைத்துத்தான் இத்தனை வருஷம் தள்ளினேன். குடி இல்லாவிட்டால் இவர் அவர்தான், அந்த வாசலில் நின்றவர்தான் என்று.

இன்று இன்னொன்றும் வந்தது. அதே வருஷம். அவருடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சில் இவர் ஏதோ தப்பாகச் சொல்ல, நான் விளையாட்டாகத் திருத்திச் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், இவரும்தான். மேலதிகாரி போன பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஒரு வாரம் போயும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், கதவைத் திறந்தால் வந்தார். நான் வீட்டிலேயே இல்லாத மாதிரி என்னைத் தாண்டித் தாண்டிப் போனார். கடைசியில் நான் அழுது மன்னிப்புக் கேட்ட பிறகு, "இனிமே ஞாபகம் இருக்கும்ல?" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அப்போது ஒரு சொட்டுக் குடி கிடையாது.

இதை எப்படி மறந்தேன்? பிறகு வந்த சத்தத்தில் இந்த மௌனம் காதில் விழாமல் போய்விட்டதா?

கேள்வி: "தனக்கு நெருக்கமானவர்களைத் தண்டிப்பதில் அவர் நிறைவு காண்கிறார்." ஆம், இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இல்லை என்று போட்டேன். ஏன் போட்டேன் என்று என்னைக் கேட்காதே.

மார்ச் 18, செவ்வாய்

அவரை நல்லவர் மாதிரியே எழுதிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

நன்றாகத் தெளிந்துவிட்டார். சவரம் செய்து, தலை சீவி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் நடுக்கம் இல்லை. என்னைக் கண்டதும் "வா" என்றார். கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான். பிடிக்கவில்லை.

வெல்டர் அந்தப் பக்கம் போனார். எனக்கு வணக்கம் வைத்து, "சார் பொழைச்சுகிட்டாரு, இனி ஊரையே கேள்வி கேப்பாரு" என்று சிரித்தார். அவர் தள்ளிப் போனதும் இவர் மெதுவாக, "இவனையெல்லாம் நான் முதல் சுத்துலயே வெளிய அனுப்பிடுவேன்" என்றார்.

பிறகு என்னிடம், "உன்கிட்டயும் கேள்வி குடுத்தாங்களாமே. என்ன எழுதின?" சும்மா கேட்பது போலத்தான் கேட்டார். நல்லபடியாக எழுதினேன் என்றேன்.

"எல்லாமே நல்லதா எழுதினியா? அது தப்பு. ஒண்ணு ரெண்டு சின்னக் குறையை ஒத்துக்கணும். அப்பதான் நம்புவாங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு இதே மாதிரிக் கேள்விகளைக் கொடுத்துக் கொடுத்து அவர் கை தேய்ந்திருக்கிறது. வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்— நான் பொய்யே சொன்னதில்லை என்று எழுதுகிறவன் முட்டாள், எப்போதாவது சொல்வேன் என்று எழுதுகிறவன் கெட்டிக்காரன் என்று. எந்தக் கேள்வி எதற்காக வைத்திருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி.

பேனாக்கொண்டைக்கு இது தெரியாது. "கம்பெனியில் மேலாளர்" என்று மட்டும்தான் சேர்க்கும்போது சொன்னோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாவது பரிசோதனை நடந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். தலை தொங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனா சற்று நின்று, சரியான இடத்தில் இறங்கியது. நடுவில் ஒரு தடவை சிரித்துக்கொண்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேனாக்கொண்டைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வரைபடத்தில் கோடு சமமாக, அமைதியான வாய்க்கால் மாதிரி போனது. எங்கும் முட்டவில்லை, எங்கும் பள்ளமில்லை. உண்மையாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்கத் தனியாகச் சில அளவுகள் உண்டாம். அதிலும் குறை இல்லை. "நம்பத்தகுந்த முடிவு" என்று கீழே எழுதியிருந்தது. "உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்கு மேடம். முதல்ல பார்த்தது குடியோட விளைவு. இதுதான் அவர்."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். வாய் என்னை மீறிப் பேசியது.

"அவர் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமாம்மா?"

இதே மாதிரிக் கேள்விகளை வைத்து ஆளெடுப்பவர் என்று சொன்னேன். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. பேனாவை எடுத்தாள், திரும்பக் கொண்டையில் செருகினாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. எனக்கும் இப்பதான் உறைச்சுது."

"உண்மையா எழுதியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. நல்லா இருக்கிறவங்களுக்கும் இப்படித்தான் வரும்."

"இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எங்கள் கடையில் என்றால் வேறு அட்டையை மாட்டிவிடலாம். மனுஷனுக்கு எந்த அட்டையை மாட்டுவது? கடைசியில், "நான் சந்தேகத்தை எழுத முடியாது மேடம். வந்த அளவைத்தான் எழுத முடியும்" என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைத்தானே அவள் நம்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெல்டர் வீட்டம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெல்டருக்கு இரண்டாவது முடிவும் மோசம். அடிதடி செய்திருக்கிறேன், சிறையில் இருந்திருக்கிறேன், குடிக்கத் தோன்றுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருக்கிறார். மறுபடி குடியில் விழ வாய்ப்பு அதிகம் என்று, சிகிச்சை முடிந்தவர்கள் தங்கி வேலைக்குப் போகும் விடுதியில் இடம் இல்லை என்றுவிட்டார்களாம். "பொய் எழுதத் தெரிஞ்சிருந்தா இடம் கிடைச்சிருக்கும்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குட்டியிடம் கேட்டேன். "அப்பாவைக் கூட்டிட்டு வரலாமா?"

"நீ என்ன நினைக்கிற?"

"நான் உன்னைக் கேட்டேன்."

"குடிக்க மாட்டாரா?"

"மாட்டாராம்."

"ம்" என்றாள்.

நாத்தனார் மறுபடி போன். கம்பெனியும் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாம். "முடிவு பிரமாதமா வந்திருக்காமே அண்ணி! இன்னும் என்ன யோசனை?"

என்ன யோசனை என்று நானே கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் படித்தவள் கொடுத்த முடிவு. இன்னொரு பக்கம் என் சந்தேகமும் பழைய மௌனம் ஒன்றும். குடியை விட்டுவிட்டு வருகிற மனுஷனை, எப்போதோ பேசாமல் இருந்ததற்காக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? யாரிடம் சொன்னாலும் என் மூஞ்சியில் காறித் துப்புவார்கள். நான் ரொம்ப எதிர்பார்க்கிறேனோ என்னவோ.

ஏப்ரல் 18, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. காலையில் எழுந்து நடக்கப் போகிறார். தட்டைத் தானே கழுவுகிறார். நேற்று மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். வயிறு நிறைந்தது. மனசும் நிறைந்தது என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன்.

மே 20, செவ்வாய்

அலமாரியில் துணிகளை அவர் மறுபடி அடுக்கியிருக்கிறார். நான் அடுக்கியது சரியில்லையாம். நேற்று மசாலா டப்பாக்கள். முந்தாநாள் செருப்பு. எதையும் கத்திச் சொல்வதில்லை. "ஒரு கேள்விக்கு ஏன் மூணு பதில் சொல்ற? கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்பார், மென்மையாக. நான் இப்போது பேசுவதற்கு முன்னால் வாக்கியத்தை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஒரு புகாரா? இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

குட்டிக்கு அறிவியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது. மேஜைக்கு எதிரில் உட்கார வைத்தார். எதனால் குறைந்தது, அடுத்து என்ன செய்வாய், உன்னுடைய பலவீனம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் திணறினாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "என்கிட்ட வேலைக்கு வந்தேன்னா உன்னை நான் எடுக்க மாட்டேன்மா" என்றார்.

அவள் முகம்.

எனக்கு அடக்க முடியவில்லை. "பெத்த பொண்ணுகிட்ட பேசற பேச்சா இது?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "நான் குடிச்சிருக்கேனா? கை நீட்டினேனா? எதையாவது உடைச்சேனா? இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

கத்தியது நான்தானே.

ஜூன் 13, வெள்ளி

பேச்சு நின்றுவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்னும் இல்லை. என்னைத் தாண்டிப் போகிறார். குட்டியையும் தாண்டிப் போகிறார். அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டார், அவளைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும். எனக்குத் தெரியும். முன்னால் கேட்டவள்தானே நான்.

இந்த முறை வாயே வர மாட்டேன் என்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

வெல்டரும் வீட்டம்மாவும் கடைக்கு வந்தார்கள். அவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி. இடையில் ஒரு தடவை விழுந்துவிட்டாராம், மறுபடி வார்டில் கிடந்து எழுந்திருக்கிறார். அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. இன்னமும் விழுவாரோ என்னவோ, சொல்வதற்கில்லை. வீட்டம்மா ஆடி ஆடி அவரைத் திட்டிக்கொண்டே கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுத்தாள். அவர் போட்டுப் பார்த்து, "இதுல நான் எப்படி இருக்கேன்?" என்றார். "குடிகாரன் மாதிரியேதான் இருக்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. கட்டியவன் குடிப்பவன் என்று தெரிந்தும் ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தது.

ஜூலை 13, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். குட்டி சட்டென்று சொன்னாள்: "குடிச்சிருந்தப்ப மறுநாள் காலைல மன்னிப்பாவது கேப்பாரும்மா."

கையில் இருந்த துணியை அப்படியே வைத்துவிட்டேன்.

உண்மைதான். தலை வலிக்க எழுந்து, உடைந்ததைப் பொறுக்கி, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பா தப்பு பண்ணிட்டேன்டா என்பார். என்னிடமும்தான். அந்த மன்னிப்புகளை வைத்துத்தான் நாங்கள் அடுத்த நாள், அடுத்த நாள் என்று ஓட்டினோம். இப்போது தப்பே நடப்பதில்லை. யார் எதற்கு மன்னிப்புக் கேட்பது?

இன்று முழுக்க அந்த முதல் வாரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றதே, நம்ப முடியாது என்று தள்ளினார்களே, அதில்தான் அவர் இருந்தார். நடிக்கத் தெம்பில்லாமல், கேட்ட எல்லாவற்றுக்கும் ஆம் ஆம் என்று போட்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் நோய் பேசுகிறது என்றுவிட்டோம். ஐயோ, அந்த மனுஷனோடு நான் காலம் முழுக்க வாழ்ந்திருப்பேனே! தன்னைத் தெரிந்து அழுதவர் ஆயிற்றே. அவரை எங்கே விட்டேன்? எந்தக் கதவுக்கும் எந்தக் கதவுக்கும் நடுவில் விட்டேன்?

மருந்து கொடுத்து, சோறு கொடுத்து, நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவரைத் தேற்றி அனுப்பினோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொல்லிப் பார்த்தேன். கத்தாமல், அழாமல். "அந்த முதல் வாரம் என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. எல்லாரையும் அளக்கறேன்னு. ஞாபகம் இருக்கா?"

செய்தித்தாளை மடித்து வைத்தார். பல நாளுக்குப் பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார். ஒரு நிமிஷம்— இருந்தார். சத்தியமாக இருந்தார், அந்த ஆள், கண்ணுக்குப் பின்னால்.

"அப்ப எனக்கு உடம்பு சரியில்ல" என்றார். "டாக்டரே சொன்னாரே."

செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முதலாளியிடம் பேசினேன். கடைக்கு மேலே இருக்கும் அறையைப் பற்றி. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பழைய கண்ணாடிச் சட்டப் பெட்டிகளை எடுத்துவிட்டால் இருவர் தாராளமாக இருக்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாத்தனாரிடம் சொன்னேன். "குடிச்சப்ப கூட இருந்தீங்க, திருந்தினப்புறம் போறீங்களா? ஊர் என்ன சொல்லும் அண்ணி?" ஊர் சரியாகத்தான் சொல்லும். எனக்கே விளக்கத் தெரியவில்லை. "உங்கண்ணன் தங்கம்தான். நான்தான் தேறலை" என்று போனை வைத்தேன். வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். அவருக்காகவும்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

குட்டி எங்கள் மாடி அறைச் சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள். கோணல். இருவரும் தள்ளி நின்று பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டோம்.

மத்தியானம் பேனாக்கொண்டை போனில் வந்தாள். வார்டிலிருந்து போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறாளாம். பரிசோதனை முடிவுகள் எவ்வளவு தூரம் சரியாக வந்தன என்று பார்க்கும் ஆய்வாம்.

"சார் குடிக்கிறாரா மேடம்?"

"இல்லம்மா."

"எப்பவாவது? கொஞ்சம்?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"வேலைக்கு ஒழுங்காப் போறாரா?"

"போறாரு. பதவி உயர்வு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்க அன்னிக்குச் சொன்னதுல இருந்து எனக்கு உறுத்திகிட்டே இருந்துச்சு மேடம். தப்பா எழுதிட்டோமோன்னு. இப்பத்தான் நிம்மதி. அவர்கிட்ட ஒரு நிமிஷம் போனைக் குடுங்களேன், வாழ்த்து சொல்லிடறேன்."

"அவர் அந்த வீட்டுல இருக்காரும்மா" என்றேன்.

மறுமுனையில் பேனாவால் மேஜையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, "அப்ப இதை நான் எப்படி எழுதிக்கறது மேடம்?" என்றாள்.

"குடிக்கலைன்னு எழுதிக்கோங்க" என்றேன். "அது உண்மைதானே."